பின் ஆசனத்தில் மூடுபனி

டன்மோர் கோவ் என்ற மீன்பிடிக் கிராமத்தின் மூடுபனி காணாமற்போனது ஜூலை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு. கனடாவின் கிழக்கு விளிம்பில், அத்திலாந்திக் கடலைப் பார்த்தபடி பாறைகளின்மேல் குந்தியிருக்கும் அந்த ஊரில் நாற்பத்தொரு வீடுகளும் ஒரு தேவாலயமும் ஒரு தபால் கந்தோரும் இருந்தன. தபால் கந்தோரை நடத்திய ஃபுளோரா என்ற அம்மாள், மேசைமேல் திடீரென்று விழுந்த வெயிலைக் கண்டு வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாகத் தெரிகிறது. கோடையில் காலை பத்து மணிக்கு வரும் பனி மாலை நாலு மணிவரை நிற்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருடங்களில் ஒருநாளாவது அது வேலை நேரத்தில் எழும்பிப் போனதில்லை.

போனது ஒரு சாம்பல் நிற ஏழு ஆசன வண்டியில். டொரொன்டோவிலிருந்து புறப்பட்டுக் கடற்கரைப் பாதை நெடுகப் பத்து நாள் சுற்றித் திரும்புவதென்று வந்த அந்த வண்டியில் மூன்று பேர் இருந்தார்கள். இருபத்தொன்பது வருடம் நகர பஸ் ஓட்டிய பேரின்பநாயகம், அவருடைய மனைவி புனிதவதி, மகள் ஆரணி. ஓட்டியது ஆரணி. தகப்பன் அவளுக்கு நேர் பின்னால் இருந்தார், தாய் அவருக்குப் பக்கத்தில். முன் ஆசனம் காலியாக இருந்தது. இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்த மனுசன் இன்னொருவர் ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கமாட்டார் என்று புனிதவதி உறவினர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள். காரணம் அதுவல்ல.

போன வருடம் ஜூலையில் பேரின்பநாயகம் மகளை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகும் வழியில், ஒரு சந்தியில் வலப்பக்கம் திருப்பியபோது, சைக்கிளில் நின்ற பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றை இடிக்கப் போய் ஒரு சாண் இடைவெளியில் நின்றார். பிரேக்கைப் பிடித்தது அவர்தான், ஆனால் ஆரணி கத்தியதால் பிடித்தார். பிள்ளை திடீரென்று வந்துவிட்டது என்று அவர் சொன்னார். அடுத்த கிழமை ஆரணி அவருடைய கண் வைத்தியரிடம் தனியே போய் நடந்ததைச் சொன்னாள். வைத்தியர் பக்கப் பார்வையைச் சோதித்து அரசாங்கத்துக்கு எழுதினார். மூன்று கிழமைக்குள் ஓட்டுநர் அனுமதி போனது, அதோடு பஸ்ஸும் போனது. அன்றிலிருந்து பதினொரு மாதமாகத் தகப்பன் மகளோடு கதைப்பதில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் கதைக்காமல் இருப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒருவரும் வீட்டை விட்டுப் போவதில்லை, ஒரே சட்டியில் சோறு, ஒரே தொலைக்காட்சி. சொல் மட்டும் மூன்றாவது ஆள் வழியாகப் போகும், மூவரும் ஒரே மேசையில் இருந்தாலும்.

"அவளுக்குச் சொல்லும், இவ்வளவு ஓட்டம் வேண்டாமெண்டு," என்பார் பேரின்பநாயகம்.

"அப்பா மெதுவாப் போகட்டாம், பிள்ளை."

"நூறு எண்டு போர்டு போட்டிருக்கெண்டு அப்பாவுக்குச் சொல்லுங்கோ."

"போர்டு போட்டிருக்காம்."

"போர்டு போட்டவன் வந்து பிரேக் பிடிப்பானோ எண்டு கேளும்."

சொல்லிச் சொல்லிப் புனிதவதிக்குத் தொண்டை வலித்தது. ஆகஸ்ட் முதலாம் தேதி ஆரணி கல்கரிக்கு, நாலு மணித்தியாலம் விமானம் பறக்கிற தூரத்துக்கு, வேலைக்குப் போகிறாள். புனிதவதியின் தகப்பனும் அவருடைய தம்பியும் இப்படித்தான் பேசாமல் இருக்கத் தொடங்கினார்கள், பதினாலு வருடம் கழித்து ஒருவர் மற்றவரின் செத்தவீட்டுக்குத்தான் போனார். மூன்றாவது ஆளில்லாத தூரத்துக்கு ஒருவர் போய்விட்டால் பிறகு சொல் போகாது என்பது அவளுக்குத் தெரியும். இந்தப் பயணத்தைக் கேட்டுப் பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். கடலைப் பார்த்தால் எதையாவது சொல்லத் தோன்றும் என்று நினைத்தாள். ஐந்து நாளாகக் கடலைப் பார்த்தார்கள், ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டன்மோர் கோவின் பார்வைமேடையில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, புட்டும் சம்பலும் மொறுமொறுத்த பருத்தித்துறை வடையும் வைத்துச் சாப்பிட்டார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, சுற்றிலும் வெள்ளை. ஆரணி சாப்பிட்ட கையோடு ஸ்டியரிங்கில் போய் இருந்துவிட்டாள். பேரின்பநாயகம் கை கழுவப் போனவர் வரக் காணோம். புனிதவதி உள்ளே ஏறி, குனிந்து, டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தபோது கதவடியில் யாரோ தயங்கி நிற்பதுபோல் இருக்க, நிமிராமலே சொன்னாள்:

"குளிருக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள்? உள்ள வந்து இருங்கோ."

மூடுபனி உள்ளே வந்து இருந்தது.

பின்னால் வந்த பேரின்பநாயகம், தன் ஆசனம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார், வெளியே கடல் முழுவதும் பளிச்சென்று இருப்பதையும் பார்த்தார். ஒருகணம் யோசித்துவிட்டு, "தள்ளி இருக்கச் சொல்லும்," என்றார். அது தள்ளி இருந்தது. அவர் ஏறிக் கதவைச் சாத்தினார், வண்டி புறப்பட்டது.

பனி மரியாதை தெரிந்ததாக இருந்தது. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் மட்டும் நிறைந்து, முன் கண்ணாடிப் பக்கம் ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. பக்கத்துக் கண்ணாடிகளில் றோட்டுத் தெரிந்தது. நடுக்கண்ணாடியில் மட்டும், இதுவரை ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை தகப்பனின் கண்ணும் மகளின் கண்ணும் தற்செயலாகச் சந்தித்து விலகிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கண்ணாடியில், வெறும் வெள்ளை. அரை மணித்தியாலம் இப்படிப் போனது. வளைவுகளும், கறுப்புப் பாறைகளும், நுரையும், வெளிச்சவீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. வடைகள் டப்பாவுக்குள் மெல்ல மெல்ல நமத்தன. அப்போது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தப் பெட்டையை நான் காணேல்லை."

யாருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்கப் புனிதவதி வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

"திடீரெண்டு வந்தவள் எண்டு சொன்னனான். அவள் முதலே நிண்டிருக்கிறாள். எனக்குத்தான் அந்தப் பக்கம் இல்லாமல் போச்சுது."

வண்டி இரண்டு வளைவு கடந்தது.

"தெரியும், அப்பா," என்றாள் ஆரணி. "டொக்டரின்ர வாசலில காரை நிப்பாட்டிப்போட்டு ஒரு மணித்தியாலம் உள்ள போகாமல் இருந்தனான்."

"ஒரு மணித்தியாலமோ?"

"இரண்டுதரம் திரும்பி வீட்டை போக வெளிக்கிட்டனான்."

மாலையில் விடுதி வாசலில் கதவு திறந்து மூவரும் இறங்கினார்கள், பனி வண்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. வெயில் மூன்று முகங்களிலும் விழுந்தது. பேரின்பநாயகம் மகளின் முகத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குச் சொல்லும், சாவியை மறக்காமல் எடுக்கச் சொல்லி."

அடுத்த மூன்று நாளும் இப்படியே போயிற்று. வண்டிக்குள் இருந்தால் தகப்பனும் மகளும் கதைத்தார்கள். மகள் பிரேக்கைக் கோபம் வந்தவள்போல் மிதிக்கிறாள் என்றார் அவர், முப்பது வருடம் சனத்தை நிற்க வைத்துக் கொண்டுபோனவர் அதைச் சொல்லக்கூடாது என்றாள் அவள். கல்கரிக் குளிரைப் பற்றியும், பஸ் டிப்போவில் அவருடைய பெயர் எழுதிய அலுமாரியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம் என்பதைப் பற்றியும் கதைத்தார்கள். இறங்கினால் மௌனம். புனிதவதி ஈரமான சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, பதினொரு மாதத்தில் முதல்தடவையாக வேலையில்லாமல், பனங்கட்டியைச் சூப்பினாள்.

யாரும் பெரிதாக வியக்கவில்லை. பெட்ரோல் நிலையத்துப் பையன் கண்ணாடியை வெளியே துடைத்து, பிறகு உள்ளேயும் துடைக்கட்டுமா என்று கேட்டான். வழிமறித்த பொலிஸ்காரர் பின்னால் இருப்பதற்கும் பெல்ட் போடவேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார், புனிதவதி அன்றிலிருந்து போட்டுவிட்டாள். டொரொன்டோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து தங்கச்சி பத்மலோஜினி தொலைபேசியில் விசாரித்தாள்.

"அதுக்குத் தேத்தண்ணி ஏதும் குடுத்தனீங்களோ, அக்கா?"

"ஆவி மட்டும் பிடிக்கும்."

"அப்ப இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. தேர் வருகுது. போன வருசம் வெயிலுக்கு மூண்டு பேர் மயங்கி விழுந்தவை. வடத்துக்கு மேலால கொஞ்சம் நிண்டால் போதும்."

"உன்ர அத்தானும் அதைத்தான் சொல்லுறார். கொண்டுபோய் எங்கட கராஜிலயே வைச்சிருப்பமாம்."

"கராஜிலயோ? ஏன்?"

"வண்டி அங்கதானே நிக்கும்," என்றாள் புனிதவதி.

டன்மோர் கோவில் முதல் நாள் விடுமுறைபோல் இருந்தது. நாற்பத்தொரு வீட்டுக் கொடிகளிலும் துணி காய்ந்தது, பெரியவர்கள் பாறைகளில் படுத்துச் சிவந்தார்கள். இரண்டாம் நாள், சுவர்களில் வர்ணம் உரிந்திருப்பதைக் கண்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் முகத்திலும் ஏதோ உரிந்திருப்பதைக் கண்டார்கள். மூன்றாம் நாள் கதவுத் திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். கடல் மிகப் பெரிது என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் நாள் முழுவதும் அதைப் பார்க்கவேண்டி வந்ததில்லை. தேவாலயத்தில் கூட்டம் கூடியது. தாத்தாமார் காலத்திலும் ஒருதரம் பனி ஒரு பாய்க்கப்பலோடு போய் ஒன்பது நாள் கழித்து இளைத்துப்போய் வந்தது என்று ஒருவர் எழும்பிச் சொன்னார், அதனால் பதறத் தேவையில்லை என்று தீர்மானித்தார்கள். ஆனாலும் ஹெக்டர், லாக்லன் என்ற இரண்டு சகோதரர்களை நினைத்து, கரையோரப் பெட்ரோல் நிலையங்களுக்கெல்லாம் ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள். காணவில்லை, மூடுபனி, வெள்ளை, சாதுவானது, கண்டவர்கள் தபால் கந்தோருக்கு அறிவிக்கவும்.

வெள்ளிக்கிழமை, இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் வடக்கே, அந்த நோட்டீஸை ஆரணி பெட்ரோல் போடும்போது வாசித்தாள். மூலையில் போய் நின்று அந்த இலக்கத்துக்கு அழைத்தாள். ஃபுளோரா அம்மாளுக்குக் கதைக்க ஆள் கிடைத்தது போதும். அண்ணன் ஹெக்டரும் தம்பி லாக்லனும், தாயின் அடக்கத்தில் எந்தப் பாட்டுப் பாடுவது என்பதில் தொடங்கி, பத்தொன்பது வருடமாகப் பேசுவதில்லை. ஆளுக்கொரு படகு. ஆனால் கடலில் ஒரு சட்டம் உண்டு. பனிக்குள் ஒரு படகின் ஊதல் கேட்டால் மற்றப் படகு பதில் ஊதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மோதிச் சாகவேண்டியதுதான். மூத்தவன் நீளமாக ஒருதரம் ஊதுவான். இளையவன் குறுக்கி இரண்டுதரம் ஊதுவான். பத்தொன்பது வருடத்தில் அவர்கள் பேசியதெல்லாம் அவ்வளவுதான். அதுவும் இப்போது நாலு நாளாக இல்லை.

"தெளிந்த நாளில் யாரம்மா ஊதுவான்?" என்றாள் ஃபுளோரா அம்மாள். "வெட்கமில்லையா?"

ஆரணி தாங்கள் தங்கும் விடுதியின் பெயரைச் சொன்னாள். தொலைபேசியைப் பையில் வைத்தாள். வண்டியில் ஏறி, ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு பாலம், ஒரு மயானம் கடக்கும்வரை ஓட்டிவிட்டு, வெறும் வெள்ளையாக இருந்த நடுக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, இது ஒரு ஊரின்ர பனி. தேடுகினம். நான் ஃபோன் பண்ணிச் சொல்லிப்போட்டன்."

"திரும்பவும்?" என்றது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஓம்," என்றாள் ஆரணி. "திரும்பவும்."

அந்தச் சகோதரர்களின் ஊதல் கதையையும் சொன்னாள். அதற்குப் பிறகு பனிக்குள்ளும் அவர் பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹெக்டர் தன் பிக்கப் வண்டியில் விடுதிக்கு வந்தான். எழுபது வயது, கதவு அளவு அகலம். வண்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்து, தொப்பியைக் கழற்றினான். பேரின்பநாயகம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது நாங்கள் திருடினது இல்லை. என் மனைவி இருக்கச் சொன்னாள், இருந்தது."

"தெரிகிறது. நன்றாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பெல்ட்கூடப் போட்டிருக்கிறீர்கள்."

"எங்களுக்கும் இது தேவை."

எதற்கு என்று ஹெக்டர் கேட்கவில்லை. வண்டியின் மறுபக்கத்தில் தனியே நின்ற மகளைப் பார்த்தான், பிறகு தகப்பனைப் பார்த்தான். பத்தொன்பது வருடம் பேசாமலிருக்கும் தொழிலில் இருந்தவனுக்கு நின்ற தூரமே போதும்.

"தம்பி ஒருநாள் பதில் ஊதாமல் விட்டால் என்ன செய்வாய்?" என்று பேரின்பநாயகம் கேட்டார்.

"விட்டதில்லை."

"விட்டால்?"

"என் படகைத் தேடிக்கொண்டு வரமாட்டான். நான்தான் அவனுடையதைத் தேடிப் போவேன்." ஹெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டான். "பனி இருந்தால்தான் போகலாம். வெயிலில் எந்த முகத்தோடு போவது?"

பேரின்பநாயகம் கட்டிய கைகளை அவிழ்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"அவளுக்குச் சொல்லும், வண்டியைத் திருப்பச் சொல்லி."

பத்து மணிக்கு டன்மோர் கோவின் துறைமுகத்தில் ஊரே நின்றது. வண்டியின் எல்லாக் கதவுகளையும் திறந்தார்கள். பனி இறங்கவில்லை. கம்பளத்தால் விசிறினார்கள். ஒருவர் தலைமுடி காயவைக்கும் கருவியைக் கொண்டுவந்தார். பாதிரியார் இரண்டு வசனம் வாசித்தார். பிள்ளைகள் கடற்பக்கம் நின்று நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்கள். ஹெக்டர் தன் பெரிய கைகளால் அள்ளிப் பார்த்தான், விரல்களுக்குள்ளால் வழிந்து திரும்ப ஆசனத்தில் போய் இருந்தது. கூட்டத்தின் பின்வரிசையில், அண்ணனிடமிருந்து அளந்து வைத்ததுபோல் தூரத்தில், லாக்லன் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

புனிதவதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளியை விசிறித் துரத்துகிறார்கள். கூப்பிட்டு இருத்தின வீட்டுக்காரி வாய் திறக்காமல் விருந்தாளி எப்படி எழும்பும்? அவள் ஏறி, பெல்டைக் கழற்றி, நமத்த வடையில் ஒன்றை எடுத்து ஆசனத்தில் வைத்தாள். இதை இறக்கினால் தன் வீட்டில் என்ன திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்:

"போயிட்டு வாங்கோ."

பனி எழும்பியது. வடையைத் தொட்டுப் பார்த்தது, விட்டுவிட்டது. படியிறங்கி, ஆட்களின் கால்களுக்குள்ளால், மீன்பெட்டிகளின் மேலால், வலைகளை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய், அங்கிருந்து அகலமாகி, உயரமாகி, முதலில் பாய்மரங்களையும் பிறகு வெளிச்சவீட்டையும் கடைசியாகச் சூரியனையும் எடுத்துக்கொண்டது. இரண்டு என்ஜின்கள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் ஒருவரும் அசையவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஊதல் வந்தது. வந்து, நின்றது. ஃபுளோரா அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் அதில் எதுவும் தெரியவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு குறுக்கி இரண்டு ஊதல்.

பேரின்பநாயகம் மூக்கைச் சிந்திவிட்டு வண்டியில் ஏறினார்.

ஊரைத் தாண்டியதும் வெயில் பிடித்தது. வண்டிக்குள் எல்லாம் தெரிந்தது, வெற்றிலைக்கறை, வரைபடம், வடைத்துகள், நடுக்கண்ணாடியில் ஒரு சோடி வயதான கண். ஆரணி றோட்டைப் பார்த்தாள். பேரின்பநாயகம் கடலைப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டர் யாரும் பேசவில்லை. கடற்கரைப் பாதை பெருந்தெருவில் முட்டும் இடத்தில் நிறுத்து என்ற பலகை இருந்தது. அங்கே வண்டி நின்றது. வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும்.

"அவளுக்குச் சொல்லும், இடப்பக்கமெண்டு," என்றார் பேரின்பநாயகம்.

புனிதவதி கண்ணை மூடியிருந்தாள்.

"இஞ்சேரும்."

புனிதவதி மூச்சை ஒரே சீராக விட்டாள். நித்திரை கொள்ளும் ஆள் இமையை அவ்வளவு இறுக்கி மூடுவதில்லை, முப்பத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு அது தெரியும். அவளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் ஒரு வண்டியும் இல்லை. ஆரணி இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி காத்திருந்தாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பின்கதவு திறந்தது. பேரின்பநாயகம் இறங்கினார். பளிச்சென்ற வெயிலில், வண்டியின் பின்னால் சுற்றி நடந்து, வலப்பக்கத்து முன்கதவைத் திறந்து, பதினொரு மாதமாகக் காலியாயிருந்த ஆசனத்தில் ஏறி இருந்தார். பெல்டைப் போட்டார். முன்னால் பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு முகில்கூட இல்லை, ஒளிவதற்கு எங்கும் ஓர் இடமில்லை. பிறகு கையை நீட்டி, மகளின் கைகளுக்கு நடுவில், ஹோர்னை ஒருதரம் அழுத்தினார். நீளமாக.

சத்தம் வயல்மேலால் போய் ஊசியிலை மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. ஒரு காகம் எழும்பியது.

ஆரணி பெருவிரலால் இரண்டுதரம் குறுக்கி அழுத்தினாள்.

"இடப்பக்கம் ஒண்டும் வரேல்லை," என்றார் பேரின்பநாயகம். அவளைத் திரும்பிப் பார்த்தார். "வலப்பக்கம் நீதான் பாக்கவேணும், பிள்ளை. எனக்கு அங்கால தெரியாது."

ஆரணி முன்னால் சாய்ந்து, தகப்பனின் தோளைக் கடந்து, வலப்பக்கம் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

"ஒண்டும் வரேல்லை, அப்பா."

"அப்ப எடு," என்றார் அவர். "பிரேக்கை மெல்ல விடு."

பின் ஆசனத்தில் புனிதவதி கண்ணைத் திறக்காமல், டப்பாவைத் தடவி, நமத்த வடை ஒன்றை எடுத்துக் கடித்தாள்.